கொல்லம் 1113: நெல்லைச் சீமையில் பழைய சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு

திருவிழாக் கடைகளுக்கு நடுவே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவர் ஒரு பித்தளைக் கும்பாவைக் கவிழ்த்து என் கையில் கொடுத்தார். விளிம்புக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து. இரண்டு இனிஷியல், பக்கத்தில் 1113, ஆனி.

“ஆயிரத்து நூத்திப் பதிமூணு. நீங்களே வாசிச்சுப் பாருங்க சார்வாள். தொள்ளாயிரம் வருசத்துச் சாமான்.”

“அண்ணாச்சி, இது கொல்லம் ஆண்டுல்லா?”

சிரித்துவிட்டார். முதலில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கும்பா என் பைக்கு வந்தது.

நம் பக்கத்தில் பத்திரம், கணக்கு, பாத்திரம் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருடம், போடுகிற வழக்கம் வெகுகாலம் இருந்தது. அதோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில வருடம் வரும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரைக்கும் என்றால் 824. ஆக 1113 ஆனி என்பது 1938 ஜூன், ஜூலை. யார் வீட்டுப் பெண்ணுக்கோ சீராகக் கொடுத்த கும்பா. நல்ல சாமான்தான், ஆனால் சோழர் காலத்துச் சாமான் இல்லை.

பழைய சேலை, பாத்திரம், நாணயம், காலண்டர் என்று எதை வாங்கப் போனாலும் விற்பவர் ஒரு கதை சொல்வார், பொருளும் ஒரு கதை சொல்லும். இரண்டாவதை வாசிக்கத்தான் இந்தக் குறிப்புகள்.

எங்கே போவது, எப்போது போவது

மேலைநாட்டில் மாதிரி பழைய துணிக்கும் பழம்பொருளுக்கும் என்றே மைதானத்தில் வாராவாரம் கூடுகிற சந்தை இங்கே கிடையாது. சாமான் சிதறித்தான் கிடக்கிறது. நான் போகிற வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் பழைய இரும்புக் கடை. காயலான் கடை என்றாலும் இதுதான். காயல்பட்டினத்துக்காரர்கள் செய்த வியாபாரத்திலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பொங்கலுக்கு முந்தின இரண்டு மூன்று வாரம் போங்கள். வீடு வீடாக வெள்ளையடிப்பு நடக்கும், பரண் காலியாகும், பரணில் இருந்ததெல்லாம் எடைக்கு வரும். உருக்கப் போவதற்கு முன்னால் நீங்கள் போய்விட வேண்டும். கடைக்காரரிடம் போன் நம்பர் கொடுத்து, “பேர் வெட்டுன சாமான் வந்தா ஒரு குரல் குடுங்க அண்ணாச்சி” என்று சொல்லி வைத்தால் நிச்சயம் கூப்பிடுவார்.

இரண்டாவது திருவிழாக்கள். ஆனியில் நெல்லையப்பர் தேர், ஆடியில் சங்கரன்கோவில் தபசு. வளையல் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் அப்பால், கூட்டம் மெலிகிற இடத்தில், தரையில் விரித்திருக்கிற கடைகளைத் தேடுங்கள். பத்துக் கடை பார்த்தால் ஒன்றில் ஏதாவது இருக்கும்.

மூன்றாவது, வீடு இடிக்கிற இடம். ஆற்றோர அக்கிரகாரங்களிலும் பழைய பண்ணைவீடுகளிலும் கதவு நிலை, பெட்டி, ஜாடி எல்லாம் மொத்தமாக ஒரே ஆளுக்குப் போகும். அந்த மொத்த வியாபாரியைத் தெரிந்துகொள்வதுதான் வித்தை. தேக்கு எடுக்க வந்தவருக்கு ட்ரங்குப் பெட்டிக்குள் கிடக்கிற துணியும் காகிதமும் தொந்தரவு. உங்களுக்கு அதுதான் வேண்டும். சிலோன், பர்மா என்று போய்த் திரும்பியவர்கள் வீட்டுப் பெட்டி என்றால் இன்னும் நிதானமாகக் கிளறுங்கள்.

நான்காவது, பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிற அக்காமார். தெருவில் எவர்சில்வர் கூடையோடு வருவார்களே, அவர்கள்தான். பட்டுச் சேலை அவர்களிடம் வந்தால் பெரும்பாலும் ஜரிகையை எரித்து வெள்ளி எடுக்கிறவர்களிடம் போய்ச் சேரும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறேன் என்றால் உங்களுக்குத்தான் முதலில் காட்டுவார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைப் பற்றிக் கேட்பீர்கள். ஒருமுறை கட்டாயம் போய்ப் பாருங்கள். வாங்குவதைவிடக் கண் பழகுவதற்கு நல்ல இடம். அங்கே எல்லோருக்கும் விலை தெரியும், ஏமாந்து விற்பவர் யாரும் இல்லை.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு சின்னக் காந்தம், பூதக்கண்ணாடி, கிராம் காட்டுகிற பாக்கெட் தராசு, பெரிய சாமானுக்குத் தொங்கு தராசு, டார்ச், ஈரத்துணி, இரண்டு பழைய வேட்டி. வேட்டி சுற்றிக் கொண்டுவர. சில்லறை நோட்டாகப் பணம் கொண்டு போங்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டியபடி “இருநூறுக்குக் குடுங்க” என்று கேட்பது எடுபடாது.

துணி: மடிப்பில்தான் உயிர்

அடுத்தவர் உடுத்திய துணியை உடுத்துவதில் நம் ஊரில் இன்னும் தயக்கம் இருக்கிறது. அதனாலேயே நல்ல சேலைகள் மலிவாகக் கிடைக்கின்றன. உடுத்தத்தான் வேண்டும் என்றில்லை, முந்தியை மட்டும் சட்டம் போட்டு மாட்டுகிறவர்களும் உண்டு.

நான் முதன்முதலில் வாங்கிய பழைய பட்டு அரக்கு நிறம், கையகலக் கரை. மடிப்பைப் பிரிக்காமல் மேலாகப் பார்த்து, கரையில் மயங்கி வாங்கிவிட்டேன். வீட்டில் கட்டிலில் விரித்தபோது மடிப்பு மடிப்பாக, அளவெடுத்து வெட்டின மாதிரி, எட்டுத் துண்டாக வந்தது. விற்றவர் பிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் பிரிக்கவில்லை.

அதனால் முதல் வேலை, சேலையை முழுக்கப் பிரிப்பது. விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். பூச்சி அரித்த ஊசித் துளைகள் அப்போதுதான் தெரியும். அடுத்து, மடிப்பு விழுந்த இடத்தை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்து மெல்ல இழுங்கள். இற்றுப்போன பட்டு சரசரவென்று சத்தம் கொடுக்கும், இழை விலகும். அப்படிப்பட்ட சேலையில் ஜரிகைக்கும் முந்திக்கும் மட்டும் விலை பேசுங்கள், உடம்புக்குப் பேசாதீர்கள்.

ஜரிகை பார்ப்பது தனிக் கலை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்கப் பூச்சு. ஓரத்தில் தொங்குகிற ஒரு இழையை, கேட்டுக்கொண்டு, பிரித்துப் பாருங்கள். உள்ளே சாயம் போட்ட பட்டு நூல், பெரும்பாலும் சிவப்பு, தெரியும். பூச்சுத் தேய்ந்த இடத்தில் வெண்மை தெரிந்தால் வெள்ளி. செம்பு நிறம் தெரிந்தால் செம்புக் கம்பி. பிளாஸ்டிக் தாள் மாதிரி உரிந்தால் அது சமீபத்து மினுக்கு. வெள்ளி ஜரிகை காலப்போக்கில் கறுக்கும், அதனால் கறுத்திருப்பதைக் குறை என்று ஒதுக்காதீர்கள். ஐம்பது வருடச் சேலை என்று சொல்லி ஜரிகை கண்ணைப் பறித்தால்தான் யோசிக்க வேண்டும்.

பட்டா, செயற்கை இழையா என்று சந்தேகம் வந்தால் உதிரி இழை ஒன்றைக் கடைக்கு வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். பட்டு என்றால் தலைமுடி கருகுகிற வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணி மாதிரி உருளும். பருத்தி காகிதம் எரிகிற வாடை.

நம் பக்கத்துத் துணி என்று தேடுகிறவர்கள் வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். புட்டா என்றால் துணியில் போடுகிற சின்னச் சின்னப் பூ வேலைப்பாடு. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயருக்கு மவுசு கூடிவிட்டது. புட்டாவைத் திருப்பிப் பாருங்கள். தறியில் போட்ட புட்டாவுக்குப் பின்பக்கம் இழைகள் இருக்கும். அச்சடித்ததில் பின்பக்கம் நிறம் மட்டும் மங்கலாகத் தெரியும்.

தைத்த சட்டை, கோட்டு என்றால் காலர் உள்ளே தையல்கடை லேபிளைப் பாருங்கள். அதில் என்ன பார்ப்பது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். பத்தமடைப் பட்டுப்பாயும் துணிக் கணக்கில்தான் சேரும். கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழித்திருக்கிறார்கள், மடிப்பில் ஒடிந்திருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

பித்தளையும் வெண்கலமும்

முதலில் காந்தம். பித்தளை, வெண்கலம், செம்பு எதிலும் ஒட்டாது. ஒட்டினால் இரும்பின்மேல் பூச்சு. இப்போது “பழைய” விளக்கு என்று விற்பதில் இது நிறைய.

அடுத்து, சுண்டிப் பார்ப்பது. உள்ளங்கையில் அணைக்காமல் விரல்நுனியில் தூக்கிப் பிடித்து நகத்தால் சுண்டுங்கள். வெண்கலம் கணீரென்று நீண்டு ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். வெண்கலம் என்று தெரிந்தும் ‘டொக்’ என்றால் எங்கோ கீறல் இருக்கிறது. வெண்கலம் கீறல் விட்டால் சமையலுக்கு ஆகாது.

விளிம்பையும் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எழுபது எண்பது வருடம் புழங்கிய கும்பாவின் விளிம்பு ஒரு பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஏனென்றால் எடுக்கிற கை எப்போதும் அந்தப் பக்கம் போயிருக்கும். அடியில் தரையில் உரசிய கீறல்கள் நாலா திசையிலும் ஓடும். புதுச் சாமானை அமிலத்தில் முக்கிப் பழசாக்கினால் கறுப்பு ஒரே சீராக இருக்கும், தேயக்கூடாத குழிவுகளில்கூட.

என் கும்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கொத்திய புள்ளிகளில் வலப்பக்கம் இருப்பவை ஆழமாக இருக்கின்றன, இடப்பக்கம் தடவினால் மட்டுமே தெரிகிறது. சாம்பலும் புளியும் போட்டு எண்பது வருடம் தேய்த்த கை இடப்பக்கமாகவே அழுத்தியிருக்கிறது. இதை எந்தப் பட்டறையாலும் செய்துவிட முடியாது.

பெயர் ஏன் வெட்டினார்கள் என்று தெரிந்தால் வாசிப்பது சுலபம். கல்யாணம், சடங்கு என்றால் தெருவே பாத்திரம் இரவல் கொடுக்கும். திரும்பி வரும்போது அடையாளம் வேண்டும். அதனால் இனிஷியல், ஊர், சில சமயம் வருடம். எண்கள் தமிழ் எண்ணாக இருந்தால் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௲௱௰௩ என்று இருந்தால் 1113. பக்கத்தில் ௵ என்ற குறி இருந்தால் வருடம், ௴ என்றால் மாதம். விஷு, வெகுதான்ய என்று தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை அது திரும்பும், ஆகவே தேய்மானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எழுத்தை வைத்துக் காலம் சொல்வது

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. தகரப் பலகை, லேபிள், காலண்டர், ரசீது, எனாமல் தட்டு, எதில் எழுத்து இருந்தாலும் இதைப் பாருங்கள்.

‘லை’, ‘னை’, ‘ணை’ ஆகியவற்றில் யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்பு சுழித்த பழைய வடிவம் இருந்தால், பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. அதற்குப் பிறகும் பழைய அச்சை வைத்து ஓட்டியவர்கள் உண்டு, எனவே இதை மட்டும் நம்பாதீர்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. தையல்கடை லேபிளில் பார்க்கச் சொன்னது இதைத்தான். ‘மதராஸ் ராஜ்யம்’ என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். தூத்துக்குடியைத் திருநெல்வேலி ஜில்லாவில் போட்டிருந்தால் 1986-க்கு முன். சேர், பலம் என்று எடை இருந்தால் அநேகமாக அறுபதுகளின் தொடக்கத்துக்கு முன். நயா பைசா என்றால் 1957 முதல் 1964 வரை.

ஒருமுறை “வெள்ளைக்காரன் காலத்துத் தகர டப்பா” என்று ஒன்றைக் காட்டினார்கள். அடியில் பொடியெழுத்தில் 627 006 இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, டப்பாவின் அழகுக்காக வாங்கிக்கொண்டேன். விலை மட்டும் டப்பா விலை.

நாணயம்

ஏமாற்று இங்கேதான் அதிகம், அதனால் நிதானம்.

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம். 1939 வரைக்கும் அதில் 91.7 சதவீதம் வெள்ளி, 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி, 1946, 1947-இல் நிக்கல். நிக்கல் ரூபாய் காந்தத்தில் ஒட்டும். 1947-ஐ “சுதந்திர வருஷத்து வெள்ளி” என்று விற்பவர் முன்னால் காந்தத்தை எடுங்கள், பேச்சு நின்றுவிடும். 1939 ரூபாய் அரிது. அரிது என்பதாலேயே போலியும் மற்ற வருடத்தை மாற்றிச் செதுக்கியதும் திரிகின்றன. கடைசி இலக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் தொடாதீர்கள்.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார் படம் போட்டு ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்று இருந்தால் அது நாணயமே இல்லை, பூஜைக்காகவோ வேடிக்கைக்காகவோ அடித்த வில்லை. எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் வில்லை விலைதான்.

நமக்கென்று ஒரு தனிச் சுகம் உண்டு. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தது. அதனால் அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து சங்கு முத்திரை போட்ட காசும் சக்கரமும் வரும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பழைய வெள்ளிச் சக்கரம் மிளகுக்குச் சற்றுப் பெரிசு. விரலால் எண்ண முடியாமல், குழி வெட்டிய பலகையில் கொட்டி எண்ணுவார்கள். அந்தப் பலகை எங்காவது கண்ணில் பட்டால் விலை கேட்பதற்கு முன் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டைக் காலணா ஆசைக்கு ஒன்று போதும், ஏராளமாக இருக்கிறது. வைஷ்ணவதேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசை லட்சத்துக்கு வாங்குகிறோம், ரிசர்வ் வங்கி அனுமதி இருக்கிறது, கமிஷன் மட்டும் முன்னால் கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். இப்படித் தன் பெயரில் மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அரிசியை இழுக்கிற கலசம், இரிடியம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

காகிதமும் மற்றதும்

தீப்பெட்டி லேபிள் சேர்க்க நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள் இல்லை, கோவில்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது. அதே கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த சாமி படங்கள் காலண்டராகத் தமிழ்நாட்டுச் சுவர் முழுக்கத் தொங்கின. பழைய படத்தை ஸ்கேன் செய்து அடித்த நகல் இப்போது நிறைய வருகிறது. நகலில் பழைய மடிப்பும் கறையும்கூடச் சேர்ந்தே அச்சாகியிருக்கும். கண்ணுக்கு மடிப்புத் தெரியும், விரலுக்குத் தட்டுப்படாது. அசலில் மேலே தகரப் பட்டை இருந்த இடத்தில் துருக்கோடு இருக்கும்.

எச்.எம்.டி. கடிகாரம் என்றால் முகப்பு மட்டும் புதுப் பெயின்ட் அடித்து, உள்ளே கலப்படம் செய்தது அதிகம். பளபளக்கிற பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் பெரும்பாலும் புதிதாகக் கூட்டிச் சேர்த்தது. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்களில் கடைசலில் வைத்தே ஏற்றிய அரக்கு வண்ணம் வழுவழுவென்று மரத்தோடு ஒட்டியிருக்கும். மேலே தடவிய பெயின்ட் நகத்தில் உரியும்.

விலை பேசுவது

பித்தளை என்றால் கிளம்புவதற்கு முன் பழைய இரும்புக் கடையில் அன்றைய கிலோ விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாமானைத் தொங்கு தராசில் மாட்டினால் அடிவிலை தெரிந்துவிடும். அதற்குமேல் கொடுப்பது வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும் உங்கள் ஆசைக்கும்.

வேண்டிய சாமானை முதலில் தொடாதீர்கள். பக்கத்தில் இருக்கிற இரண்டுக்கு விலை கேட்டுவிட்டு, மூன்றாவதாக அதைக் கேளுங்கள். காலையில் முதல் போணிக்கு அண்ணாச்சி இறங்கி வருவார், சாயங்காலம் கட்டு கட்டுகிற நேரத்திலும் இறங்குவார். பேச்சு இப்படிப் போகும்:

“கடைசியாச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“கட்டாது சார்வாள். நீங்க என்ன இப்படிக் கேக்கிய?”

“அடியில நெளிசல் கிடக்கு பாருங்க.”

“சரி, போணி நேரம். இன்னும் அம்பது போட்டுக் குடுங்க.”

குறையைச் சொல்லலாம், பொருளை மட்டமாகப் பேசக்கூடாது. அடுத்த தடவை நல்ல சாமான் வந்தால் உங்களைக் கூப்பிட மாட்டார். விதவை, கடன் என்று வீட்டுக் கஷ்டத்தில் விற்க வந்தவர்களிடம் நான் பேரம் பேசுவதே இல்லை. எடைக்கு என்ன வரும் என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

தொடவே கூடாதவை

கோயில் விக்கிரகம், கல்சிற்பம், தேர்ச் சிற்பம். எங்கிருந்து வந்தது என்று தெரியாததைத் தொட்டால் வழக்கு வீடு தேடி வரும். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த சிற்பம், ஓவியம் போன்றவை தொல்பொருள். ஓலைச்சுவடி மாதிரியான கையெழுத்துப் பிரதிகளுக்கு எழுபத்தைந்து வருடம். சிலவகைப் பொருளைப் பதிவு செய்ய வேண்டும், வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஆதிச்சநல்லூரும் சிவகளையும் பக்கத்தில் இருப்பதால் பானை ஓடு, மணி, தாழித் துண்டு என்று ரகசியமாகக் காட்டுவார்கள். மண்ணிலிருந்து எடுத்ததை வாங்காதீர்கள். புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது. பழைய வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற மான் கொம்பு, புலி நகம் வைத்த சங்கிலி, யானைத் தந்தச் சாமான் எல்லாம் வனவிலங்குச் சட்டத்துக்குள் வரும். விலையே கேட்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

துணியை உடனே அலமாரியில் வைக்காதீர்கள், பூச்சி மற்றதுக்கும் போகும். நிழலில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள். இற்ற பட்டைத் தண்ணீரில் போடக் கூடாது. உறுதியான பருத்தியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசலாம். பழைய வேட்டியில் சுற்றி, வசம்பைத் தனித் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள்.

பாத்திரத்தைப் பாலிஷ் கடைக்குக் கொடுக்காதீர்கள். சக்கரத்தில் வைத்தால் எழுத்துப் புள்ளிகள் ஒரே நிமிடத்தில் போய்விடும். புளியும் துணியும் போதும், எழுத்து இருக்கிற இடத்தில் அதுவும் வேண்டாம். பித்தளையில் சமைக்கிற எண்ணம் இருந்தால் வெள்ளீயம் பூசித் தருகிறவரைத் தேடுங்கள். வெள்ளிக் காசைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், சேர்ப்பவர்கள் மத்தியில் பாதி விலை போய்விடும்.

அப்புறம் ஒரு சின்னச் சீட்டு. எங்கே வாங்கியது, என்றைக்கு, என்ன விலை, விற்றவர் என்ன சொன்னார், பொருளில் என்ன பார்த்தேன் என்று எழுதிப் பொருளோடு போட்டு வைக்கிறேன். கும்பாவுக்குள் கிடக்கிற சீட்டில் ‘அண்ணாச்சி கணக்கு 900 வருஷம், என் கணக்கு 1938’ என்றிருக்கிறது. அந்த இரண்டு இனிஷியல் யாருடையது என்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.